காலாண்டு லீவும் வில்டபீஸ்ட் கூட்டமும்

"செரங்கெட்டி மைக்ரேஷன் எந்தத் தேதியில வருது?" ஆப்பிரிக்கா போகலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தேரோட்டம் என்றைக்கு என்று விசாரிப்பது மாதிரி. தேதியைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவார்கள். பெரியப்பா ஒரு படி மேலே போய், "ஏம்ப்பா, அந்த ஆத்துல குதிக்கிறத காலையில காட்டுவாங்களா, சாயங்காலமா?" என்று கேட்டார். "அது அதுங்களுக்கே தெரியாது பெரியப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. டிவியில் பார்த்திருக்கிறாராம்.

டிவிதான் சிக்கலே. அந்த அரை மணி நேரப் படத்துக்காக ஒரு குழு வாரக்கணக்கில் ஆற்றங்கரையில் தவம் கிடந்திருக்கும். நமக்கு வந்து சேர்வது பிழிந்த சாறு மட்டும். அதைப் பார்த்துவிட்டு, ஜூலையில் ஒரு நாள் எல்லா மிருகமும் கிளம்பி, ஆற்றைத் தாண்டி, வேறு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்கள் சுமார் 13 லட்சம், இரண்டு லட்சம் வரிக்குதிரை, அது போக லட்சக்கணக்கான தாம்சன் கெசல் மான்கள், தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையில் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கிளம்பும் நாளும் கிடையாது, சேரும் நாளும் கிடையாது. அதனால் "எப்ப வரும்?" என்று கேட்டுப் பயனில்லை. "எனக்கு லீவு கிடைக்கிற மாசத்துல அதுங்க எங்க இருக்கும்?" என்று கேட்டால் பதில் உண்டு.

அந்தப் பதிலுக்கு மழையையும் புல்லையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். செரங்கெட்டியின் தென்கிழக்கு மூலையில், கோரோங்கோரோ மலைகளுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. என்டுட்டு ஏரியைச் சுற்றியுள்ள பகுதி. மரம் மிகக் குறைவு, புல்லும் கணுக்கால் உயரம்தான். மலைகள் மழையை மறைத்துவிடுவதால் வருடத்துக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான் பெய்யும். ஆனால் மண் வளமானது. பக்கத்து எரிமலைகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கக்கிய சாம்பல் அங்கே படிந்து கிடக்கிறது. அவற்றில் ஓல் டோயின்யோ லெங்காய் என்ற எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சாம்பல் மண்ணில் முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் தாராளம். குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு இதைவிட நல்ல மேய்ச்சல் வேண்டுமா?

மழை நின்றதும் அந்தப் புல்வெளி காய்ந்துவிடும். தேங்கிய தண்ணீரும் உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். வடக்கே போகப் போக மழை கூடுகிறது. மாரா பக்கம் தெற்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெய்யும். கடும் கோடையிலும் வற்றாத ஆறு அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாரா ஒன்றுதான். அதனால் கூட்டம் ஏப்ரல், மே மாதங்களில் தெற்கை விட்டு நகர்ந்து, ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கமும் நடுவிலும் பரவி, ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே கிடந்து, நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் மறுபடி தெற்கே இறங்குகிறது. தெற்கில் ருசி, வடக்கில் உயிர் பிழைக்கத் தண்ணீர். இவ்வளவுதான் கணக்கு. மழை பத்து நாள் முந்தினால் கூட்டமும் முந்தும், பிந்தினால் பிந்தும்.

இதை நம் ஊர் பள்ளிக்கூட லீவோடு வைத்துப் பார்த்தால்தான் வேடிக்கை. நமக்குப் பெரிய லீவு ஏப்ரல், மே. அங்கே அதுதான் பெருமழைக் காலம். கரிசல் மண்ணில் சக்கரம் இறங்கினால் இன்னொரு வண்டி வந்து இழுக்க வேண்டும். பல முகாம்களை மூடிவிடுவார்கள். விலை மலிவு, ஊரே பச்சை, கூட்ட நெரிசல் இல்லை. போட்டோ எடுக்கிறவர்களில் இந்த மாதங்களுக்கென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போகிற குடும்பத்துக்கு ஏப்ரலைச் சொல்ல எனக்கு மனசு வராது. மே மாதம்தான் முடியும் என்றால் கடைசி வாரங்களைப் பிடியுங்கள். மழை குறைந்திருக்கும், கூட்டம் செரங்கெட்டியின் நடுப்பகுதியையும் மேற்கையும் ஒட்டி நீளநீளமான வரிசைகளில் நடந்துகொண்டிருக்கும்.

அரையாண்டு லீவில் கூட்டம் பெரும்பாலும் தெற்கே வந்து சேர்ந்திருக்கும், ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று விலை உச்சாணிக் கொம்பில் இருக்கும். பொங்கல் லீவு சின்னது, குட்டி போடும் பருவத்துக்குக் கொஞ்சம் முந்திவிடும்.

நம் ஆட்கள் கண்டுகொள்ளாதது காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம். கூட்டம் வடக்கே மாரா ஆற்றின் இரண்டு கரையிலும் சிதறியிருக்கும் நேரம். ஐரோப்பியப் பள்ளிகள் திறந்துவிடுவதால் ஆகஸ்ட் நெரிசல் கொஞ்சம் அடங்கியிருக்கும். சரஸ்வதி பூஜை அதே பக்கத்தில் விழுகிற வருடங்களில் ஆபீசில் இரண்டு நாள் லீவு கேட்டால் போதும், ஒரு வாரம் தேறிவிடும். பிள்ளைகள் படிக்கிற குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பள்ளிக்கூடக் கவலை இல்லாதவர்களுக்கு, ரிட்டயர் ஆனவர்களுக்கு, நான் யோசிக்காமல் சொல்வது பிப்ரவரி. பெரியப்பாவுக்கும் அதையே சொன்னேன். "அப்ப ஆறு?" என்றார். ஆறு கிடையாது. ஆனால் என்டுட்டுவில் பிப்ரவரியில் நின்று பார்த்தவர்கள் ஆற்றைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை குட்டி போடும் பருவம். அதிலும் பெரும்பாலான குட்டிகள் மூன்று வார இடைவெளிக்குள் பிறந்துவிடும். ஒரு தாய் வில்டபீஸ்ட் ஈனுகிறது. ஈரம் காயாத குட்டி சில நிமிடங்களில் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, அம்மா பின்னாலேயே ஓடுகிறது. அத்தனையும் ஒரே நேரத்தில் ஏன் ஈனுகின்றன? கழுதைப்புலியும் சிங்கமும் சிவிங்கிப்புலியும் எவ்வளவுதான் தின்ன முடியும்? அவற்றின் வயிறு கொள்ளாத அளவுக்குக் குட்டிகள் ஒரே சமயத்தில் வந்து இறங்கினால் மிச்சம் பிழைத்துக்கொள்ளும். பருவம் தப்பிப் பிறக்கிற குட்டிக்குத்தான் ஆபத்து அதிகம்.

பிப்ரவரியில் இன்னொரு வசதி. என்டுட்டு கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. அங்கே பருவத்தில் வண்டியைத் தடம் விட்டு இறக்கிப் புல்வெளியில் ஓட்ட அனுமதி உண்டு. செரங்கெட்டிப் பூங்காவுக்குள் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. மரம் இல்லாத வெளி, குட்டைப் புல், பகலில் வேட்டையாடும் சிவிங்கிப்புலி: கண்ணுக்கு மறைவே இல்லை. போகிற வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு வேறு இருக்கிறது. 1959இல் மேரி லீக்கி ஆதி மனித இனத்தின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

சரி, ஆறு. அதைச் சொல்லாமல் விட முடியாது. "கிராசிங்" என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். ஓட்டுநர்களின் வயர்லெஸ்ஸில் அந்த வார்த்தை வந்ததும் வண்டிகள் திசை திரும்புவதைப் பார்க்க வேண்டும். கரையில் ஆயிரக்கணக்கில் மிருகங்கள் வந்து நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை முகரும், பின்வாங்கும். பின்னால் இருப்பவை தள்ளும். ஒரு வரிக்குதிரை எதையோ பார்த்து மிரண்டு திரும்பும். மொத்தக் கூட்டமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேடேறிப் போய் சாவகாசமாக மேய ஆரம்பிக்கும். நீங்கள் வண்டிக்குள் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், கொண்டுபோன சப்பாத்தி தீர்ந்திருக்கும். அப்புறம், ஒரு காரணமும் இல்லாமல், ஒன்று குதிக்கும். அதற்குப் பின்னால் எல்லாம் குதிக்கும். சில நிமிடங்களில் முடிந்தாலும் முடியும். மறுநாள் அதே கூட்டம் அக்கரையிலிருந்து இக்கரைக்குத் திரும்பி வந்தாலும் வரும். எதிர்க்கரையில் மழை பெய்தால் அங்கே போகும், இங்கே பெய்தால் இங்கே வரும். ஒரே வில்டபீஸ்ட் ஒரு பருவத்தில் பல தடவை ஆற்றைத் தாண்டுவது சாதாரணம்.

முதலை பற்றிய பயமும் கொஞ்சம் மிகை. அமாண்டா சுபலஸ்கியும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் சாகின்றன. எடை கணக்கில் 1,100 டன். பத்து நீலத் திமிங்கலங்களுக்குச் சமம் என்கிறார்கள். இதில் முதலை தின்பது சொற்பம். அதைவிட அதிகம் தின்பவை பாறுக் கழுகுகளும் மராபு நாரைகளும். பாக்கி ஆற்றோடு கரைந்து மீனுக்கும் பாசிக்கும் போகிறது. எலும்பு முழுசாகக் கரைய ஏழு வருடம் வரை ஆகுமாம். அத்தனை இறந்தும் மொத்தக் கூட்டத்தில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

எனக்கு ஆற்றங்கரையில் உறுத்துவது நம்முடைய வண்டிகள்தான். ஆகஸ்டில் சில துறைகளில் ஐம்பது, அறுபது வண்டிகள் முட்டி மோதி நிற்கும். மிருகம் இறங்கும் வரை கரையை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பது விதி. யாராவது ஒருவர் முந்திக்கொண்டு போனால் மற்றவர்களும் பாய்வார்கள். 2025 ஜூலையில் வடக்கு செரங்கெட்டியில் எடுத்த ஒரு வீடியோ பலர் கண்ணில் பட்டிருக்கும். பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையோரம் போய் நிற்க, வில்டபீஸ்ட் கூட்டம் வழி தெரியாமல் திணறுகிறது. உங்கள் ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நல்ல இடம் கிடைக்காட்டியும் பரவாயில்ல, தள்ளியே நிப்போம்." அவர் முந்துவது பெரும்பாலும் நம் டிப்ஸை நினைத்துத்தான்.

இந்தக் காட்சி ஆதிகாலத்திலிருந்து இப்படியே நடந்து வருகிறது என்று விளம்பரங்கள் சொல்லும். இன்றைய அளவில் பார்த்தால் இதற்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான். 1880களின் கடைசியில் கால்நடைகளோடு ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்கு வந்த ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய், சில வருடங்களில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவி மாடுகளையும் வில்டபீஸ்ட்களையும் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மாட்டை நம்பி வாழ்ந்த மசாய் மக்கள் பட்டினியில் செத்தார்கள். 1958இல் ஜெர்மன் விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடு போட்ட சின்ன விமானத்தில் பறந்து எண்ணியபோது, அவர்கள் கணக்கில் வில்டபீஸ்ட் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. 1959 ஜனவரியில் அந்த விமானம் ஒரு கழுகில் மோதி விழுந்ததில் மைக்கேல் இறந்துபோனார். கோரோங்கோரோ எரிமலைவாயின் விளிம்பில் அவர் கல்லறை இருக்கிறது. பிற்பாடு அப்பாவின் அஸ்தியையும் அங்கேயேதான் புதைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். சுற்றியிருந்த ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு மிருகத்துக்கு யாரும் ஊசி போடவில்லை. மாட்டிடம் நோய் நின்றதும் 1960களின் தொடக்கத்தில் வில்டபீஸ்டிடமும் நின்றது. 1961இல் இரண்டரை லட்சமாக இருந்த கூட்டம் 1977க்குள் 13 லட்சத்தைத் தொட்டது. மேய்கிற வாய் பெருகியதால் காய்ந்த புல் குறைந்தது, புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்தன. இன்று செரங்கெட்டியில் நீங்கள் போட்டோ எடுக்கிற குடை மரங்களில் பல, மாட்டுக்குப் போட்ட ஊசியால் வளர்ந்தவை. 2011இல் ரிண்டர்பெஸ்ட் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். எந்த சஃபாரி புத்தகத்திலும் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு படம்கூடப் போட மாட்டார்கள்.

இனி காசு. கென்யாவா, தான்சானியாவா?

மசாய் மாரா சுமார் 1,500 சதுர கிலோமீட்டர்தான். செரங்கெட்டி 14,763. கூட்டம் வருடத்தில் பெரும்பகுதி தான்சானியாவில்தான் இருக்கிறது. ஆனால் கென்யா போவது சுலபம். மும்பையிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம் உண்டு. நைரோபியிலிருந்து நரோக் வழியாக மாராவுக்கு ரோட்டில் ஐந்தாறு மணி நேரம். கட்டணம்தான் கடிக்கும். 2024 முதல் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர்; மற்ற மாதங்களில் 100. இன்றைய விலையில் தலைக்கு 17,000 ரூபாய்க்கு மேல், வெறும் கேட்டுக்கு. அதுவும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்கும்தான் செல்லும். செரங்கெட்டியில் 70 டாலர், மேலே 18 சதவீத வரி, 24 மணி நேரம் செல்லும். கேட்க மலிவாகத் தெரியும். ஆனால் உள்ளே இரவு தங்க தனிக் கட்டணம், வழியில் கோரோங்கோரோவுக்குத் தனி, எரிமலைவாய்க்குள் வண்டி இறங்கத் தனி. கூட்டிப் பார்த்தால் தான்சானியா பயணம்தான் பெரும்பாலும் அதிகம் வரும். பேக்கேஜ் விலை சொல்கிறவரிடம் "பூங்கா கட்டணம் எல்லாம் சேர்த்தா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாமே என்று தோன்றும். வரைபடத்தில் ஒட்டித்தான் இருக்கின்றன. வில்டபீஸ்டுக்கு எல்லை இல்லை, நமக்கு உண்டு. 1977இல் மூடிய சாண்ட் ரிவர் எல்லைக் கதவு சுற்றுலாப் பயணிகளுக்கு இன்றும் திறக்கவில்லை. மேற்கே இசெபானியா வரை சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் ரோட்டிலேயே போய்விடும். நுழைவு அனுமதியும் தனித்தனி. கிழக்கு ஆப்பிரிக்க விசா என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். அது கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு. தான்சானியா அதில் கிடையாது. ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கென்யா என்று முடிவானால், மாராவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் கன்சர்வன்சிகளை விசாரியுங்கள்: நபோய்ஷோ, ஓலாரே மொடொரோகி, மாரா நார்த். மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்குகிற ஏற்பாடு. ஒரு சிங்கத்தைச் சுற்றி நாலைந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. இரவில் வண்டியில் சுற்றலாம், நடந்தும் போகலாம். மாரா காப்புக்காட்டுக்குள் இந்த இரண்டும் கிடையாது. விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் பணம் வேலி வராமல் தடுக்கிறது. மாராவுக்குக் கிழக்கே லோய்டா சமவெளியிலிருந்து வருகிற இன்னொரு வில்டபீஸ்ட் கூட்டம் உண்டு. கோதுமை வயலும் வேலியும் வந்து 1970களிலிருந்து அது நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அதைப் பற்றி எந்த விளம்பரத்திலும் ஒரு வரி இருக்காது.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறந்துவிடாதீர்கள். கென்யாவுக்குள் நுழையும்போது இந்தியாவிலிருந்து வருகிறவர்களை அதிகம் கேட்க மாட்டார்கள். திரும்பி சென்னையில் இறங்கும்போது கேட்பார்கள். சான்றிதழ் இல்லை என்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அப்புறம் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள்.

கருப்பு, கருநீல உடுப்பு வேண்டாம். செட்சி ஈயைப் பிடிக்க அங்கே தொங்கவிடும் பொறியே நீலமும் கருப்பும் கலந்த துணிதான். அதே நிறத்தில் ஜீன்ஸ் போட்டுப் போனால் என்ன ஆகும்? ஸ்வெட்டர் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்குத் திறந்த கூரை வண்டியில் பல் தந்தியடிப்பதைப் பார்க்கலாம். மாரா ஊட்டி அளவுக்கு இல்லாவிட்டாலும் கடல்மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில்தான் இருக்கிறது. சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் மொத்த லக்கேஜ் 15 கிலோ, அதுவும் மடங்குகிற துணிப்பை. சக்கரம் வைத்த பெட்டியை நைரோபியிலேயே விட்டுவிட வேண்டும். பாலிதீன் பை இரண்டு நாட்டிலும் தடை. முறுக்கு, அதிரசத்தை டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ரயில் பாதை போட்ட காலத்திலிருந்து பஞ்சாபிகளும் குஜராத்திகளும் அங்கே வேரூன்றியதில் சப்பாத்தியும் டீயும் கென்யச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. பச்சைப்பயறை வேகவைத்து "என்டெங்கு" என்று சப்பாத்தியோடு தருவார்கள். காரம் மட்டும் இருக்காது. ஊறுகாய் நம் பொறுப்பு.

கடைசியாக, புக் செய்யும் முன் நிறுவனத்திடம் "முகாம் வரைபடத்துல எங்க இருக்கு?" என்று கேளுங்கள். "செரங்கெட்டிக்குள்ள" என்பது பதிலே இல்லை. செப்டம்பர் கடைசிக்கு வடக்கே கொகடெண்டே பக்கம், பிப்ரவரிக்குத் தெற்கே என்டுட்டு பக்கம் என்று பெயர் சொல்ல வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் படுக்கை எண்ணிக்கை குறைவு. ஒரு வருடம் முன்னாலேயே தீர்ந்துவிடும். வண்டி நமக்கு மட்டுமா, வேறு ஆட்களோடு பகிர்வதா, ஒவ்வொருவருக்கும் ஜன்னல் உண்டா என்றும் கேளுங்கள். பயணத்தில் பாதி ஓட்டுநர் கையில்தான். டிப்ஸ் வண்டிக்கு நாளொன்றுக்கு 10, 20 டாலர் என்று கணக்கு. புது நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய டாலர் நோட்டை அங்கே கடையில்கூட வாங்க மாட்டார்கள்.